எத்தனை கலோரி சாப்பிடலாம்? நோட்டைப் பார்த்து முடிவு செய்யும் முறை

எடை குறைக்க ஒரு நாளைக்கு எவ்வளவு சாப்பிடலாம் என்று ஃபோனில் தேடினால் பெண்களுக்கு 1200, ஆண்களுக்கு 1500 என்று ஏதோ ஓர் எண் வந்து நிற்கும். அதைப் பிடித்துக்கொண்டு திங்கட்கிழமை ஆரம்பித்து வெள்ளிக்கிழமை விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். என் நாத்தனாரும் அப்படித்தான் கிளம்பினாள்.

"மதினி, ஆயிரத்து இருநூறு போதும்னு போட்டிருக்கு. நாளையில இருந்து ஆரம்பிச்சிரவா?"

"இப்ப எவ்வளவு தின்னுக்கிட்டு இருக்க?"

"அது எப்படித் தெரியும்?"

"அது தெரியாம எதுல இருந்து குறைப்ப?"

கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீசில் கணக்கு எழுதுகிறேன். நாள் முழுக்க நாற்காலிதான். ஆரம்பித்தபோது வயது 47, உயரம் 158 செ.மீ., எடை 78 கிலோ. இந்த எண்களை வைத்தே முழுக் கணக்கையும் போட்டுக் காட்டுகிறேன், உங்கள் எண்களை அதே இடத்தில் வைத்துப் பாருங்கள்.

முதலில், குறைக்கத்தான் வேண்டுமா என்று பாருங்கள். எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் உடல் நிறைக் குறியீடு வரும். எனக்கு 78ஐ 2.5ஆல் வகுத்து 31. நம் நாட்டவருக்கு 23ஐத் தாண்டினால் கூடுதல் எடை, 25க்கு மேல் பருமன் என்று வைத்திருக்கிறார்கள். வெள்ளைக்காரர்களுக்கு இதே வரம்புகள் 25, 30. நமக்கு அதே எடையில் தசை குறைவாகவும் வயிற்றுக் கொழுப்பு அதிகமாகவும் இருப்பதால் கோட்டைக் கீழே இறக்கியிருக்கிறார்கள். இடுப்புச் சுற்றளவையும் அளந்துகொள்ளுங்கள்: பெண்களுக்கு 80 செ.மீ., ஆண்களுக்கு 90 செ.மீ. தாண்டக் கூடாது. சில நேரம் தராசை விட டேப்பே உண்மையைச் சொல்லும்.

கர்ப்பிணிகள், பால் கொடுப்பவர்கள், வளரும் பிள்ளைகள் இந்தக் கணக்குக்குள் வரவே வேண்டாம். சர்க்கரைக்கு இன்சுலினோ கிளிமிப்ரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்கள் மருத்துவரிடம் சொல்லாமல் சாப்பாட்டைக் குறைக்கக் கூடாது. மருந்தின் அளவு அப்படியே இருக்க, சோறு மட்டும் குறைந்தால் சர்க்கரை மளமளவென்று இறங்கி மயக்கம் வரும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், சாப்பாட்டை நினைத்தாலே பயமோ குற்ற உணர்வோ வந்து முன்பு சிரமப்பட்டவர்கள் எல்லாரும் இதைத் தனியாகச் செய்யாதீர்கள்.

சரி, கணக்குக்கு வருவோம். சும்மா படுத்துக் கிடந்தாலும் உடம்பு செலவழிக்கும் கலோரியைக் கணிக்க, 1990இல் அமெரிக்காவில் சுமார் 500 பேரை அளந்து எழுதிய மிஃப்லின் - செயின்ட் ஜோர் சூத்திரம் இருக்கிறது. பெரும்பாலான ஆப்களுக்குள் ஓடுவது இதுதான்:

எடை (கிலோ) × 10 + உயரம் (செ.மீ.) × 6.25 − வயது × 5. வருகிற விடையில் ஆண்கள் 5 கூட்ட வேண்டும், பெண்கள் 161 கழிக்க வேண்டும்.

எனக்கு 780 + 987 − 235 − 161, ஆக 1371. நடமாட்டத்துக்காக இதைப் பெருக்க வேண்டும். உட்கார்ந்த வேலை என்றால் 1.2, லேசான நடமாட்டம் இருந்தால் 1.375, நன்றாக உடற்பயிற்சி செய்தால் 1.55. எனக்கு 1.2 போட்டால் 1645, 1.375 போட்டால் 1885. இடையில் 240 கலோரி வித்தியாசம். நான் எதில் சேர்த்தி? காலையில் வாசல் தெளித்து, சமைத்து, பஸ்ஸுக்கு நடந்து, அப்புறம் எட்டு மணி நேரம் உட்கார்ந்தால் அது 1.2ஆ 1.375ஆ? சூத்திரத்துக்கு இது தெரியாது. ஆப் கேட்கும்போது எல்லாரும் தங்களை ஒரு படி மேலேதான் போட்டுக்கொள்கிறோம்.

ஒப்பிட்டுப் பார்க்க இன்னோர் எண்ணும் உண்டு. குன்னூரில் 1918இல் தொடங்கி, 1958இல் ஹைதராபாத்துக்குப் போன தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020இல் வெளியிட்ட அளவுகளில், உட்கார்ந்த வேலை செய்யும் 55 கிலோ பெண்ணுக்கு 1660, 65 கிலோ ஆணுக்கு 2110 கிலோகலோரி. நாம் பேச்சில் கலோரி என்பதெல்லாம் இந்தக் கிலோகலோரிதான், பாக்கெட்டில் அப்படி அச்சிட்டிருந்தால் குழம்ப வேண்டாம்.

சூத்திரம் தருவது ஒரு மதிப்பீடு, அவ்வளவுதான். உங்கள் உடம்பின் எண் அதிலிருந்து 200, 300 தள்ளி இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, இரண்டு வாரம் எதையும் மாற்றாமல் வழக்கம்போலச் சாப்பிட்டு, எல்லாவற்றையும் எழுதி, தினமும் காலையில் எடை பார்ப்பது. 80 பக்க நோட்டு ஒன்றும், கிராம் காட்டும் சமையலறைத் தராசு ஒன்றும் போதும்.

எழுதுவதில் பலரும் சிக்குவது நம் சமையலில்தான். பாக்கெட்டில் வருவதற்கு அச்சிட்ட எண் இருக்கிறது. புளிக்குழம்புக்கு எங்கே போவது? ஆப்பில் 'சாம்பார், ஒரு கிண்ணம்' என்று தேடினால் 80இல் இருந்து 200 வரை வரும். யார் வீட்டுச் சாம்பார், எந்தக் கிண்ணம்? அதனால் நான் சமைத்த பண்டத்தை விட்டுவிட்டு, உள்ளே போகும் பொருளைத்தான் எழுதினேன்.

சோற்றில் ஆரம்பியுங்கள். அரிசி 100 கிராமுக்கு சுமார் 350 கலோரி. எங்கள் வீட்டில் ஒரு வேளைக்கு 400 கிராம் அரிசி போட்டால் 1400 கலோரி. வெந்த சோற்றை நிறுத்தால் ஏறக்குறைய 1150 கிராம். அப்படியானால் 100 கிராம் சோற்றுக்கு 120 கலோரி. எங்கள் சோற்றுக் கரண்டியில் தட்டையாக எடுத்தால் 110 கிராம், குவித்தால் 160 வந்தது. ஒரு தடவை நிறுத்துவிட்டால் போதும், அப்புறம் தராசு வேண்டாம், 'தட்டைக் கரண்டி 3' என்று எழுதலாம். உங்கள் கரண்டி வேறாக இருக்கும் என்பதால் என் எண்ணை எடுத்துக்கொள்ளாதீர்கள். வடித்த சோறா குக்கர் சோறா என்பதில் கஞ்சியோடு போவது கொஞ்சம்தான், அதற்காக மெனக்கெட வேண்டியதில்லை.

எண்ணெய்தான் ஆளை ஏமாற்றும். ஒரு லிட்டர் எண்ணெய் சுமார் 910 கிராம், கிராமுக்கு 9 கலோரி, ஆக லிட்டருக்கு 8200. கரண்டி கரண்டியாக அளப்பதை விட மளிகை ரசீதைப் பாருங்கள். நாங்கள் நான்கு பேர், மாதம் கடலை எண்ணெய், நல்லெண்ணெய் எல்லாம் சேர்த்து 5 லிட்டர். 41,000 கலோரியை 120ஆல் (நான்கு பேர் × 30 நாள்) வகுத்தால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 340. யாரும் எண்ணெயைக் குடிக்கவில்லை. தாளிப்பு, தோசைக்கல், அப்பளம், பொரியல் என்று பிரிந்து போயிருக்கிறது. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சொல்லும் அளவு ஆளுக்கு 20 முதல் 30 கிராம், நாங்கள் 38 கிராமில் இருந்தோம். சீனிக்கும் இதே வகுத்தல்தான்: மாதம் 3 கிலோ என்றால் ஆளுக்கு நாளைக்கு 25 கிராம், 100 கலோரி.

இட்லிப் பொடியில் ஊற்றும் நல்லெண்ணெயை மட்டும் தனியாகப் பாருங்கள். ஒரு டீஸ்பூன் 40 கலோரிக்கு மேல். பொடியைக் குழி பறித்து ஊற்றும்போது யாரும் ஒரு ஸ்பூனோடு நிறுத்துவதில்லை. இரண்டு ஸ்பூன் போனால் 80, 90. சின்ன இட்லி ஒன்று 60 கலோரிதான். தொட்டுக்கொள்வது இட்லியைத் தாண்டிவிட்டது.

வடைக்கு ஒரு வழி சொல்கிறேன். சுடும் முன் வாணலியோடு எண்ணெயை நிறுத்துக்கொள்ளுங்கள். சுட்டு முடித்து நன்றாக ஆறிய பிறகு திரும்பவும் நிறுங்கள். குறைந்த கிராமை வடை எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு வடை குடித்த எண்ணெய் கிடைக்கும். என் உளுந்த வடைக்கு ஒன்றுக்கு 8 கிராம் வந்தது, அதாவது எண்ணெய் மட்டும் 72 கலோரி. மாவு ஆட்டும்போது தண்ணீர் கூடினால் இது இன்னும் ஏறும். கடை வடைக்கு இந்த வசதி இல்லை என்பதால் 150 என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிடுவேன்.

தேங்காய்த் துருவல் 100 கிராம் 350 முதல் 400. சட்னிக்கு அரை மூடி போட்டால் அதை எத்தனை பேர் தின்றார்களோ அவர்களுக்குள் பிரித்து எழுதுங்கள். பாலில் ஆவின் நீல பாக்கெட்டுக்கும் பச்சைக்கும் ஆரஞ்சுக்கும் கொழுப்பு 3, 4.5, 6 சதவீதம். 100 மில்லிக்கு சுமார் 60, 72, 87 கலோரி என்று வரும். ஒரு நாளைக்கு நாலு காபி குடிக்கிறவர்களுக்கு இந்தப் பாக்கெட் நிறம் ஒரு பொருட்டுதான். கீரை, புடலை, வெண்டை, பீர்க்கை இவற்றுக்கு நான் எண் எழுதுவதே இல்லை. அதில் வதக்கிய எண்ணெயும் தூவிய தேங்காயும் ஏற்கெனவே கணக்கில் வந்துவிட்டன, காயில் பெரிதாக ஒன்றும் இல்லை. உருளை, சேம்பு, மரவள்ளிக்கு மட்டும் எழுதுங்கள்.

எங்கள் பக்கத்து நொறுக்குத்தீனியையும் சொல்லியாக வேண்டும். கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது, சாத்தூர் காராச்சேவு பக்கத்து ஊர்ச் சரக்கு. இரண்டுமே 100 கிராமுக்கு 500ஐ ஒட்டி. ஆபீசில் நாலு மணிக்குப் பொட்டலத்தைப் பிரித்து மேசை நடுவில் வைத்தால், பேசிக்கொண்டே 40 கிராம் உள்ளே போய்விடும். 200 கலோரி, அதுவும் தட்டில் விழாமல்.

எழுதாமல் விட்டது எப்போதும் இருக்கும். 1992இல் நியூயார்க்கில், 'எவ்வளவு குறைத்துச் சாப்பிட்டாலும் எடை இறங்கவில்லை' என்று சொன்னவர்களை அளந்து பார்த்தார்கள். அவர்கள் எழுதிக் கொடுத்ததைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு சாப்பிட்டிருந்தார்கள். அவர்கள் வேண்டுமென்று பொய் சொன்னவர்கள் இல்லை. ருசி பார்த்த கரண்டி, பிள்ளை மிச்சம் வைத்த தோசை, கல்யாண வீட்டு இலை எல்லாம் யார் நினைவிலும் தங்காது. ஆபீஸ் பேரேட்டில் புரியாத தொகைக்கு சஸ்பென்ஸ் கணக்கு வைப்பதுபோல, நோட்டில் தினமும் 100 கலோரியை 'இதர' என்று எழுதி வைத்தேன்.

இதில் ஒரு நல்ல செய்தி இருக்கிறது. நோட்டு கொஞ்சம் தப்பாக இருந்தாலும் பரவாயில்லை, தினமும் ஒரே மாதிரி எழுதினால் போதும். இரண்டு வார முடிவில் என் சராசரி 1820, எடை 78லேயே நின்றது. உண்மையில் நான் 1950 தின்றிருக்கலாம், இருக்கட்டும். 'என் நோட்டில் 1820 என்றால் எடை நிற்கும்' என்பது உறுதியாகிவிட்டது. குறைப்பதை இந்த எண்ணிலிருந்து குறைக்க வேண்டும், சூத்திரம் சொன்னதிலிருந்து அல்ல. எடையும் நிற்கிறது, நோட்டிலும் 1200தான் வருகிறது என்றால் உடம்பு அதிசயம் எதுவும் செய்யவில்லை. எண்ணெயையும் வாய்க்குப் போன கைப்பிடியையும் திரும்பத் தேடுங்கள்.

எடை பார்ப்பதற்கும் ஒழுங்கு வேண்டும். காலையில் கழிப்பறை போய் வந்து, காபிக்கு முன், அதே தராசில், அதே தரையில். ஒரு நாள் எண்ணை வைத்து எதுவும் முடிவு செய்யாதீர்கள். கருவாட்டுக் குழம்பு தின்ற மறுநாள் உப்புக்குத் தண்ணீர் தங்கி ஒரு கிலோ கூடத் தெரியும். மாதவிலக்குக்கு முந்தைய நாள்களில் பெண்களுக்கு இதே கதைதான். ஏழு நாள் எண்ணைக் கூட்டி ஏழால் வகுத்து, வாரத்துக்கு வாரம் ஒப்பிடுங்கள்.

எவ்வளவு குறைப்பது? உங்கள் நோட்டு எண்ணில் ஐந்தில் ஒரு பங்கு, அதற்கு மேல் வேண்டாம் என்பது என் கருத்து. 1820இல் அது 364, நான் 1450 என்று வைத்துக்கொண்டேன். ஒரு கிலோ உடல் கொழுப்பில் ஏறக்குறைய 7700 கலோரி இருக்கிறது. நாளைக்கு 370 குறைந்தால் வாரத்துக்கு 2590, அதாவது மூன்றில் ஒரு கிலோ. மாதம் ஒன்றரை கிலோ கிட்ட. கேட்க அற்பமாகத்தான் இருக்கும். முதல் வாரமே ஒன்றரை கிலோ இறங்கினால் துள்ள வேண்டாம், சோறு குறையும்போது உடம்பில் சேமித்திருந்த சர்க்கரையும் அதோடு ஒட்டியிருந்த தண்ணீரும் வெளியேறுவதுதான் அது. நீங்கள் கணக்கிட்ட எண் பெண்களுக்கு 1200க்கோ ஆண்களுக்கு 1500க்கோ கீழே போனால் மருத்துவரையோ உணவியல் நிபுணரையோ கேட்காமல் அதைச் செய்யாதீர்கள். அவ்வளவு சின்னத் தட்டில் இரும்பு, கால்சியம், புரதம் எல்லாவற்றையும் அடைப்பது கடினம்.

370ஐ எங்கே வெட்டுவது என்பதை நோட்டே காட்டிவிடும். எனக்கு எண்ணெயை மாதம் மூன்றரை லிட்டராக்கியதில் ஆளுக்கு 100 போனது, வீட்டில் நான்கு பேருக்கும் சேர்த்துத்தான். சேவுப் பொட்டலத்துக்குப் பதில் கால் கப் சுண்டல், அதில் 120 மிச்சம். ராத்திரி நாலு தோசை மூன்றானது. மீதிக்குச் சோற்றில் அரைக் கரண்டி. காலை காபியை நான் தொடவில்லை, தொடவும் மாட்டேன்.

என் தம்பிக்குக் கணக்கு வேறு. வயது 41, 172 செ.மீ., 92 கிலோ, லோடு ஆட்டோ ஓட்டுகிறான். சூத்திரத்தில் 1795, சரக்கு ஏற்றி இறக்குவதால் 1.375 போட்டு 2468. பகல் முழுக்க ஒழுங்காகச் சாப்பிடுகிறவன், வாரம் மூன்று ராத்திரி விருதுநகர்ப் பக்கத்து எண்ணெய் பரோட்டா. நாலும் சால்னாவும் சேர்ந்தால் ஆயிரத்தைத் தாண்டும். அவனுக்குத் தினசரி எண்ணே தேவைப்படவில்லை, அந்த மூன்று ராத்திரியை ஒன்றாக்கியதே போதுமானதாக இருந்தது. எல்லாரும் கடைசி வரை நோட்டு எழுத வேண்டும் என்று இல்லை.

குறைக்கும்போது புரதத்தைக் குறைக்காதீர்கள், இல்லாவிட்டால் கொழுப்போடு தசையும் சேர்ந்து கரையும். சாதாரணமாகக் கிலோவுக்கு 0.83 கிராம் என்று சொல்கிறார்கள், எடை குறைக்கும் காலத்தில் ஒரு கிராமைத் தாண்டி வைத்துக்கொள்வது நல்லது. முட்டை ஒன்றில் 6 கிராம், 70 கலோரிதான். பருப்பு, மீன், கோழி, சோயா உருண்டை எல்லாம் உதவும். புரதம் என்ற பெயரில் கடலையை அள்ளாதீர்கள்: 100 கிராமில் 25 கிராம் புரதம் உண்மைதான், கூடவே 560 கலோரிக்கு மேல் வரும்.

நடப்பதைச் சாப்பாட்டுக் கணக்கில் வரவு வைக்காதீர்கள். 78 கிலோ ஆள் ஒரு மணி நேரம் விறுவிறுவென்று நடந்தால் கூடுதலாகச் செலவாவது 200 கலோரியை ஒட்டித்தான். திரும்பும் வழியில் ஒரு டீயும் வடையும் போட்டால் சரியாகிவிடும். சர்க்கரைக்கும் இதயத்துக்கும் தூக்கத்துக்கும் நடை நல்லது, அதற்காக நடங்கள்.

விசேஷ நாள்களுக்கு வாரக் கணக்கு வைத்துக்கொள்ளலாம். 1450 வீதம் வாரத்துக்கு 10,150. ஞாயிறு கறிக்குழம்பு அன்று 2050 என்று விட்டால் மற்ற ஆறு நாளும் 1350. ஊரில் கோவில் கொடை வந்தால் மூன்று நாளும் எழுதுவதில்லை. அந்த வாரச் சராசரியையும் நம்புவதில்லை.

மூன்று நான்கு வாரம் ஒழுங்காக எழுதியும் வாரச் சராசரி அசையவில்லை என்றால் மட்டும் 100 குறையுங்கள். வேகமாக இறங்கி, முடி கொட்டி, எரிச்சலும் அசதியும் வந்தால் 150 கூட்டுங்கள். எடை இறங்க இறங்க உடம்பின் செலவும் இறங்கும். என் 1820ஐ 1371ஆல் வகுத்தால் 1.33, இதுதான் எனக்கான பெருக்கெண். இதன்படி ஒரு கிலோ குறைந்தால் செலவில் 13 கலோரிதான் குறைகிறது, நிஜத்தில் உடம்பு இன்னும் கொஞ்சம் கூடவே சிக்கனம் பிடிக்கும். அதனால் கிலோவுக்குக் கிலோ கணக்கை மாற்ற வேண்டியதில்லை, நாலைந்து கிலோவுக்கு ஒருமுறை போதும்.

23 குறியீட்டுக்கு நான் 57 கிலோவுக்கு வர வேண்டும். அதை இலக்காக வைக்கவில்லை. உடல் எடையில் ஐந்து முதல் பத்து சதவீதம் குறைந்தாலே சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டிலும் மாற்றம் தெரியும் என்பதால் 70 என்று வைத்தேன். அங்கே வந்ததும் வாரத்துக்கு 100 வீதம் கூட்டிக்கொண்டே போய், எடை நின்ற இடத்தில் நிறுத்தினேன். பெருக்கெண்படி 1700 வர வேண்டும், நோட்டில் வந்தது 1650. இப்போது சாப்பாட்டை எழுதுவதில்லை. வாரம் ஒருநாள் எடை மட்டும் பார்க்கிறேன். 72ஐத் தாண்டினால் இரண்டு வாரம் நோட்டைத் திரும்ப எடுப்பேன், முதலில் பார்ப்பது அந்த மாத எண்ணெய் ரசீதைத்தான்.